பேச முடிகிற வேகம்

லோகேஸ்வரனுக்கு அறுபத்து நாலு வயது. பார்க்கிறவர்கள் ஐம்பத்தைந்துக்கு மேல் சொல்லமாட்டார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பொருள் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால் எந்த மிஷினில், எந்த ஷிஃப்டில், யார் கைபட்டுக் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். காரணமில்லாத கோளாறே உலகத்தில் கிடையாது என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் அவரைத் தவிர வேறு ஆளில்லை என்பாள் அவர் மனைவி ஜெயலெட்சுமி.

நாற்பதாவது வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று ஒரு டாக்டர் பயமுறுத்தியதால் ஓட ஆரம்பித்தார். சர்க்கரை இறங்கிவிட்டது, ஓட்டம் நிற்கவில்லை. டத்தோ கெராமாட்டில் இருக்கிற வீட்டிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி, பொட்டானிக் கார்டன் வாசல்வரை போய்த் திரும்புவார். கடல்பாலத்தின் மேல் வருஷந்தோறும் நடக்கிற ஓட்டப்பந்தயத்தில் பதினொரு முறை கலந்துகொண்டு வாங்கிய பதக்கங்கள் ஹாலில் தொங்குகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்காவிட்டால், காற்றாடியைப் போடுகிற சாக்கில் எழுந்துபோய் அதன் பக்கத்திலேயே நின்றுகொள்வார்.

போன வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, கார்டனுக்குப் போகிற மேட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. கோழியைப் பிடித்துப் பைக்குள் போட்டுக் கட்டினால் உள்ளே துள்ளுமே, அந்த மாதிரி. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நிமிஷத்துக்கு நூற்றுத் தொண்ணூறு என்றது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்.

முப்பத்தொரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அளக்கிற கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவரோடு ஓடுகிற ஹனீபா, சூலியா வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தன் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது நூற்று எண்பத்தேழு என்றது.

“லோகாண்ணே, ரெண்டு வாட்சும் ஒரே நாள்ல கெட்டுப் போகாது. ஆஸ்பத்திரிக்குப் போங்கலா,” என்றார் ஹனீபா.

“மூணாவது ஒண்ணு பாத்துட்டுப் போறேன்,” என்றார் இவர். மூன்றாவது கருவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒட்டவைத்த கம்பிகளாக இருந்தது.

இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்குகின்றன, வந்துவந்து போகும், சிலருக்குப் பிறகு போகாமலே தங்கிவிடும் என்றார் டாக்டர். துடிப்பு சரியில்லாத நேரத்தில் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை. லோகேஸ்வரன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் தனக்கு வேண்டியதைக் கேட்டார்.

“ஏன் வந்துச்சு டாக்டர்?”

“வயசு ஒரு காரணம். ரொம்ப வருஷமா நீளநீளமா ஓடுறவங்களுக்கும் வர்றது உண்டு.”

“அப்ப ஓடுனது தப்பா?”

“தப்புன்னு சொல்லல. ஓடலன்னா சுகர், பிரஷர்னு வேற ஏதாச்சும் எப்பவோ வந்திருக்கும்.”

“அப்ப நல்லதா?”

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “ரெண்டும்தான்,” என்றார். இப்படி ஒரு பதிலைத் தொழிற்சாலையில் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் லோகேஸ்வரன் அந்தக் காகிதத்தை அவன் மேஜைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்.

அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். தேதி, ஓடிய தூரம், நாடித்துடிப்பு, தூங்கிய மணி, குடித்த காப்பி, மழையா வெயிலா, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் கட்டம் இல்லை. சாப்பாடு ஜெயலெட்சுமியின் இலாகா, அதில் தலையிட்டு அவருக்குப் பழக்கமில்லை. நெஞ்சு துள்ளுகிற நாளில் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். என்ன புள்ளி என்று அவள் கேட்டதற்கு, உடற்பயிற்சி செய்த நாள் என்று கூசாமல் பொய் சொன்னார். நிஜத்தைச் சொன்னால் ஓட்டத்துக்கு ஆப்பு என்று அவருக்குத் தெரியும். அதுவரை அவளிடம் மறைத்துவைக்கும்படி அவர் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை, பாவம், பழக்கமில்லாத வேலை.

புள்ளிகளைப் பார்த்தால் தலை சுற்றியது. பத்து கிலோமீட்டர் ஓடிய அன்று ஒன்றுமில்லை. சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்த அன்று புள்ளி. காப்பி குடித்தால் வருகிறதென்று காப்பியை விட்டார், விட்ட மறுநாளே வந்தது. வெயிலால் என்று நினைத்தால் மழையன்று வந்தது. சில நாள் நாடியைப் பிடித்தால் கன்னாபின்னா என்று ஓடும், ஆனால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் நாடி ஒழுங்காக இருக்கும், பயத்தில் உள்ளங்கை வேர்க்கும். எது நோய், எது பயம் என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. தன் நெஞ்சுக்குள் நடப்பது தனக்கே தெரியவில்லையே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

ஜெயலெட்சுமியின் பக்கம் இப்படிக் குழப்பம் எதுவும் இல்லை. ரத்த மாத்திரைக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு தனி கிளினிக், மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று ஒரு எண் வரும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. குறைந்தால் ரத்தம் கட்டியாகிவிடும் என்று பயம், கூடினால் ரத்தப்போக்கு வரும் என்று பயம். அங்கே கொடுத்த மலாய்க் கையேட்டில், மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் கீரைகளின் பட்டியல் இருந்தது: பாயாம், கங்கோங், கைலான், புரோக்கோலி. அவள் அதைக் கிழித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். அன்றிலிருந்து பாசாரில் கீரைக்காரி கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. எண் ஆறு மாதமாக இரண்டரையை ஒட்டியே நின்றது.

தைப்பூசம் நெருங்கியது. அவர் நெஞ்சு சரியாக வேண்டும் என்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள் விரதம், வீட்டில் மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை. தனக்காக இருக்கிற விரதத்தில் தான் மட்டும் கோழி தின்பது நன்றாயிருக்காது என்று அவரும் சேர்ந்துகொண்டார். ஓடுகிற உடம்பு, சத்துக்கு எங்கே போவது? கதவில் ஒட்டியிருந்த பட்டியலை அவள் மேலிருந்து கீழாக இரண்டு தரம் படித்தாள். பின் சந்தில் நிற்கிற முருங்கை மரத்தின் பேர் அதில் இல்லை. அதற்கப்புறம் நாற்பத்தெட்டு நாளும் இரண்டு கை முருங்கைக் கீரை போட்டு, மிளகு தட்டி, ஒரு பெரிய மங்குக் கிண்ணம் நிறைய சூப் வைத்துக் கொடுத்தாள். அவரும் மடமடவென்று குடித்துவிட்டு ஓடப்போனார்.

எண் ஒன்றரைக்கு இறங்கியது. கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டி, இனி இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வரச் சொன்னார்கள். அடுத்த தரம் ஒன்று புள்ளி நாலு. இன்னும் கூட்டினார்கள். புதிதாக எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை, பட்டியலில் இருப்பது எதையும் தொடுவதில்லை என்று லோகேஸ்வரன் அடித்துச் சொன்னார். அது சத்தியமும்கூட. மூன்றாவது தரமும் கூட்டிய பிறகுதான் எண் இரண்டைத் தொட்டது.

தைப்பூசம் முடிந்தது. ஜெயலெட்சுமி பால்குடம் எடுத்து மலையேறி வந்தாள். வீட்டில் ஆட்டுக்கறி வாசனை அடித்தது. சூப் நின்றது. மாத்திரை மட்டும் கூட்டிய அளவிலேயே நின்றது.

மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடைபாதை விளிம்பில் கால் தட்டி லேசாக இடித்துக்கொண்டார். விழக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கத்தரிக்காய் நிறம். பல் துலக்கும்போது ரத்தம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எண் ஆறு புள்ளி இரண்டு. மண்டையில் அடிபட்டிருந்தால் கதை வேறு என்றார் அங்கிருந்த டாக்டர், மாத்திரையைச் சில நாள் நிறுத்திவைக்கச் சொன்னார்.

கோலாலம்பூரில் இருக்கிற மகள் தனுஜா போனில் அழுதாள். “அப்பா, போதும்லா நீங்க ஓடுனது. ஓடி ஓடி ரத்தத்தையே கெடுத்துக்கிட்டீங்க.” ஜெயலெட்சுமி அழவில்லை. அவருடைய ஓட்டக் காலணியை எடுத்துத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்து அலமாரியைப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில். இருபத்துநாலு வருஷ ஓட்டம் காஞ்சிபுரத்துக்கு நடுவில் முடங்கிப்போனது.

மூன்று வாரம் அவர் ஓடவில்லை. ஓடாவிட்டால் நெஞ்சு அடங்க வேண்டுமே? நோட்டுப் புத்தகத்தில் சிவப்புப் புள்ளிகள் முன்னைவிட நெருக்கமாக விழுந்தன. ஓடியதால் ரத்தம் கெட்டது என்கிறார்கள், ஓடாததால் நெஞ்சு கெடுகிறது என்று புத்தகம் சொல்கிறது. யாரிடம் போய்க் கேட்பது? புள்ளியின் அர்த்தத்தை அவர்தான் யாரிடமும் சொல்லவில்லையே. சாயங்காலங்களில் வாசலில் நின்று, போகிற வருகிற ஓட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொந்தியும் தொப்பையுமாக யாராவது மூச்சிரைத்துப் போனால் வயிற்றெரிச்சலாக இருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு ஜெயலெட்சுமியும் கூடவே வந்தாள். அன்று இருந்த மருந்தாளர் புதியவள், ஷாஹிரா என்று சட்டையில் பேர் இருந்தது. கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரப் பெண், தமிழ் சரளமாகப் பேசினாள். எண்கள் ஏறி இறங்கியிருந்ததைப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது. லோகேஸ்வரன் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

“அங்கிள், இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிப் பாத்ததில்ல,” என்று பக்கம் பக்கமாகத் திருப்பினாள். அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. “ஆனா என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு வரிகூட இல்லையே.”

“அதெல்லாம் என் பொறுப்பு,” என்று ஜெயலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நீங்க குடுத்த லிஸ்ட்ல உள்ளது எதுவும் வீட்டுக்குள்ள வர்றதில்ல. விரதத்துலகூட முருங்கைக்கீரை மட்டுந்தான்.”

ஷாஹிராவின் கை நின்றது. “எத்தனை நாள் ஆண்டி?”

“நாப்பத்தெட்டு நாளும். காலையில ஒரு மங்கு.”

“விரதம் முடிஞ்சதும்?”

“நிறுத்திட்டேன்.”

அந்தப் பெண் கத்தவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கீரையில் இருக்கிற ஒரு சத்துதான் மாத்திரைக்கு எதிரி, முருங்கையில் அது நிறையவே இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னாள். குடித்தவரை எண் இறங்கியது, அதற்காக மாத்திரையைக் கூட்டினார்கள், குடிப்பதை நிறுத்தியதும் எண் மேலே பறந்தது. “கையேட்ட எழுதினவங்களுக்கு முருங்கை ஞாபகம் வரல போல. உங்க தப்பு இல்ல ஆண்டி. கீரையே கூடாதுன்னும் இல்ல, தினமும் ஒரே அளவா இருந்தாப் போதும். அங்கிள் ஓடுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.”

சம்பந்தமே கிடையாது! லோகேஸ்வரனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. கோளாறுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அவருடைய கட்சி ஜெயித்துவிட்டது. வெற்றி முகத்தோடு மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சிவப்புப் புள்ளி என்ன அங்கிள்?” என்றாள் ஷாஹிரா.

பொய் சொல்ல இடமில்லை. “நெஞ்சு துள்ளுன நாள்,” என்றார்.

ஜெயலெட்சுமி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டு மாதத்துப் புள்ளிகள். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி அவரிடமே கொடுத்தாள்.

ஷாஹிரா அவர்களை டாக்டரிடம் அனுப்பினாள். ஓடலாம் என்றார் டாக்டர். போட்டி வேண்டாம், தாகத்தோடு ஓட வேண்டாம், மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. “எவ்வளவு வேகம்னு வாட்சப் பாக்காதீங்க. ஓடும்போதே ஒரு ஆள்கிட்ட சாதாரணமா பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தி.” துள்ளல் மறுபடி எப்போது வரும் என்று இவர் கேட்டதற்கு, அது யாருக்கும் தெரியாது என்றார். ஒரு கோளாறுக்குத்தான் காரணம் கிடைத்தது, இன்னொன்று அப்படியே கிடந்தது.

வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. முனைக் கடையிலிருந்து சோறு பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணி வந்தது. “சமைக்கலையா?” என்று கேட்டதற்கு, “என் கையால எதையும் குடுக்க பயமா இருக்கு,” என்றாள். அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். இந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? “எண் இப்ப ரெண்டு புள்ளி ஆறு, நல்லாத்தானே இருக்கு,” என்றார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நாலாம் நாள் காலை அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. ஜெயலெட்சுமி காலணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மேலே தனுஜா வாங்கிக் கொடுத்திருந்த காதில் செருகும் இயர்போன்.

“பேசிக்கிட்டே ஓடணும்னு டாக்டர் சொன்னாருல்ல. ஹனீபா அண்ணன் முட்டிவலின்னு படுத்திருக்காரு. நீங்க என்கிட்ட பேசுங்க. நான் போன்ல இருக்கேன்.”

“என்னத்தப் பேசுறது?”

“அது உங்க பாடு.”

முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய ஒரு ஆள், பெண்டாட்டியிடம் பேச விஷயமில்லாமல் கார்டனுக்குப் போகிற ஜாலான் கெபுன் புங்கா சாலையில் திணறிக்கொண்டு ஓடியதை அன்று யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். முதலில் தெருப் பெயர்களைச் சொன்னார். பிறகு, ரோட்டோரம் ஒரு குரங்கு யாருடைய ரொட்டியையோ பிடுங்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். சீனக் கிழவிகள் விசிறி பிடித்து ஆடுவதைச் சொன்னார். “நெறய பேரா?” என்று அவள் கேட்டாள். “பதினேழு,” என்றார், அதையும் எண்ணி. பின்னணியில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவருக்கே தெரியாமல், இது நன்றாக இருக்கிறதே என்று தோன்ற ஆரம்பித்தது.

மேட்டில் பாதி ஏறும்போது நெஞ்சுக்குள் துள்ளியது. ஒரு துள்ளல், ஒரு இடைவெளி, பிறகு தாறுமாறாக. அவர் வாய் நின்றுவிட்டது.

“என்னங்க? பேசுங்க.”

லாரி போகிறது, கேட்கவில்லை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்னால் காலணி மறுபடி புடவைகளுக்கு நடுவில் போகும், இந்தத் தடவை திரும்பி வராது. அவர் ஓட்டத்தை நிறுத்தி, ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

“ஜெயா, ஆரம்பிச்சிருச்சு.”

அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

“வலிக்குதா? தலை சுத்துதா?”

“அதெல்லாம் இல்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “பயமா இருக்கு. ஒரு வருஷமா பயமாத்தான் இருக்கு.”

வீட்டுக்கு வாங்க என்கிற வார்த்தைக்காக அவர் தலையைக் குனிந்து காத்திருந்தார்.

“எனக்கும்தான்,” என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. “இத அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பயந்திருக்கலாம்ல.”

“வந்துரவா ஜெயா?”

“உங்களுக்கு எப்படித் தோணுது?”

ஒரு வருஷமாக டாக்டர்கள் சொன்னார்கள், மகள் சொன்னாள், ஹனீபா சொன்னார், கடிகாரங்கள் சொல்லின. இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

“தெரியல,” என்றார்.

“எனக்கும் தெரியலைங்க. நடங்க, மெதுவா நடங்க. போன வைக்காதீங்க.”

அவர் மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நடந்தார். வீட்டுப் பக்கம் நடக்கிறாரா, கார்டன் பக்கமா என்று அவள் கேட்கவில்லை.